டிராக்டர் டீலர் குடும்பங்கள்: தாத்தா காலத்துக் கடையிலிருந்து பேரன் காலத்து ஷோரூம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையாக டிராக்டர் விற்கும் குடும்பங்கள் அநேகமாக எல்லா மாவட்டத்திலும் உண்டு. அந்தத் தொழில் எப்படி வந்தது, எப்படிக் கைமாறியது, எங்கே முறிந்தது என்பதைப் பற்றி வாரிசுகளும் விவசாயிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் டிராக்டர் டீலர் என்ற தொழில் எப்போது வேர் பிடித்தது?

1960-க்கு முன்பு இங்கே ஓடியவை கப்பலில் வந்த வண்டிகள். பெரும் பண்ணைக்காரர்களும் அரசுப் பண்ணைகளும்தான் வாங்கினார்கள். ஒரு சின்ன பாகம் உடைந்தால் சென்னைத் துறைமுகத்தைப் பார்த்துக் காத்துக் கிடக்க வேண்டும்.

1959-ல் ஃபரிதாபாத்தில் ஐச்சர் முதல் இந்தியத் தயாரிப்பை வெளியே விட்டது. 1960-ல் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டோடு சென்னையில் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது, தொழிற்சாலை செம்பியத்தில். 1963-ல் மகிந்திராவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாஸும் சேர்ந்து பம்பாயில் பி-275 வண்டிக்கான நிறுவனத்தை ஏற்படுத்தின. தொழிற்சாலை வந்ததும் தாலுகா ஊர்களில் விற்கவும் பழுது பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டு டீலர் குடும்பங்களில் பழையவை பெரும்பாலும் இந்தப் பத்தாண்டில் முளைத்தவை.

முதல் தலைமுறையினர் எந்தத் தொழிலிலிருந்து வந்தார்கள்?

ஆயில் எஞ்சின், பம்ப்செட் கடை, லாரி பஸ் உதிரிபாகக் கடை, ரைஸ் மில், உரக்கடை. இவற்றில் லாரி பஸ் பட்டறை வைத்திருந்தவர்களுக்கு ஒரு தனி வசதி இருந்தது. சிம்ப்சன் நிறுவனம் 1950-களிலேயே பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் சென்னையில் தயாரித்துக்கொண்டிருந்தது. லாரியில் அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குக்கு டாஃபே வண்டியின் சிம்ப்சன் எஞ்சின் அந்நியமாகத் தெரியவில்லை. அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது, கலப்பையை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் ஒன்றைத்தான். அதனால்தான் அந்தக் காலத்தில் டீலர் முதலாளியை விட ஹெட் மெக்கானிக்கின் பெயர் ஊரில் அதிகம் தெரிந்திருந்தது.

டிராக்டருக்குப் பெயர் பதிந்து காத்திருந்தார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். 1967-ல் டிராக்டர் விலை அரசுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1971-ல் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் தனிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பணம் கட்டிப் பெயர் பதிந்து, வரிசைப்படிதான் வண்டி எடுக்க வேண்டும். விலைக் கட்டுப்பாடு 1974-ல் நீங்கியது.

இது டீலர் குடும்பங்களின் குணத்தையே உருவாக்கிய காலம். வாங்குபவரைத் தேட வேண்டியதில்லை. வண்டியைத்தான் தேட வேண்டும். வரிசையை நேர்மையாக நடத்திய கடைக்கு அந்த நல்ல பெயர் அடுத்த நாற்பது வருடத்துக்கு முதலாக நின்றது. வரிசையில் ஆளைத் தாண்டவிட்ட கடையை, தட்டுப்பாடு நீங்கியதும் ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைய முன்பதிவுப் பதிவேடு இன்னும் வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். உங்கள் வரலாற்றில் அதைவிடப் பெரிய சான்று கிடைக்காது.

அந்தக் காலத்தில் கடன் யார் கொடுத்தார்கள்?

முதலில் கூட்டுறவு நிலவள வங்கிகள், நிலத்தை அடமானம் வாங்கிக்கொண்டு. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகு வணிக வங்கிகளும் வந்தன. 1982-ல் வேளாண் கடனுக்கான தேசிய வங்கியான நபார்டு தொடங்கியதும், கடன் கொடுத்த வங்கிகளுக்குக் கிடைக்கும் மறுநிதி சீரானது. சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று விவசாயி சேர்க்க வேண்டிய காகிதங்களை எல்லாம் டீலர் கடை குமாஸ்தாவே கூட நின்று வாங்கித் தருவார்.

இரண்டாம் தலைமுறையில் தனியார் நிதி நிறுவனத்தின் ஆள் ஷோரூமிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பல வாரம் ஆன வேலை சில நாளில் முடிந்தது. விற்பனை ஏறியது, வட்டியும் ஏறியது. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கோபம் கடைசியில் விற்ற டீலர் மேல்தான் விழும். ஆகவே அறுவடை மாதம் எது என்று பார்த்து அரையாண்டுத் தவணையாக அமைத்துக் கொடுப்பதுதான் டீலருக்கும் நல்லது. நெல் விவசாயிக்கு மாதத் தவணை ஒத்துவராது.

தாத்தா விற்ற பிராண்டு வேறு, பேரன் விற்பது வேறு. ஏன்?

பல இடங்களில் குடும்பம் மாறவில்லை, கம்பெனிதான் மாறியது. எஸ்கார்ட்ஸ் 1970-களில் ஃபோர்டு பெயரில் வண்டி விற்றது. 1990-களின் நடுவில் அந்தக் கூட்டு பிரிந்ததும் அதே வழிவந்த வண்டி ஃபார்ம்டிராக் ஆனது. 2005-ல் ஐச்சர் டிராக்டர் பிரிவை டாஃபே வாங்கியது. 1974-ல் ஸ்வராஜ் 724-ஐக் கொண்டுவந்த பஞ்சாப் டிராக்டர்ஸ் 2007-ல் மகிந்திரா கைக்குப் போனது. செட்டார் வழிவந்த வண்டிகளை 1970-களிலிருந்து செய்த எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது.

கம்பெனி கைமாறும்போது டீலருக்கு வரும் சிக்கல் இரண்டு. ஒன்று, அதே ஊரில் வாங்கிய கம்பெனிக்கு ஏற்கெனவே வேறு டீலர் இருப்பார். இருவருக்கும் எல்லை பிரிக்க வேண்டும். இரண்டு, பழைய பாகங்களின் எண் மாறும். கையிருப்பில் பழைய எண்ணும் விலைப்பட்டியலில் புது எண்ணுமாக ஒரே சாமான் இரண்டு பெயரில் கிடக்கும். மாற்று எண் அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு எண்ணையும் எழுதி ஒட்டினால்தான் இது தீரும். எச்.எம்.டி. போல மூடிய கம்பெனி என்றால் பழைய வண்டிக்காரர்களுக்குக் கடைசிவரை சாமான் தேடிக் கொடுத்த டீலரிடமே அவர்கள் அடுத்த வண்டியையும் வாங்குவார்கள்.

டெல்டாவில் டிராக்டர் தொழில் எடுபடாது என்று முதலில் சொன்னது ஏன்?

சேறுதான் காரணம். புன்செய்க்காகச் செய்த வண்டி தஞ்சாவூர் வயலில் இறங்கினால் டயர் வழுக்கி, அச்சுவரை புதைந்தது. பின்சக்கரத்தில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய பிறகுதான் சேற்றுழவு டிராக்டருக்கு வசப்பட்டது. ஆனால் சேடை (சேற்றுழவு) ஓட்டிய வண்டி வேறு விதமாகக் கெடும். டெல்டா டீலர் குடும்பங்களை மூன்று தலைமுறை நிறுத்தியது இந்தக் கோளாறுகளைச் சரிசெய்யும் திறமைதான் என்பது எங்கள் முடிவு. ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

முக்கியமான கோளாறு பின் அச்சு சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போவது. பல மாடல்களில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். தண்ணீர் கலந்தால் எண்ணெய் பால்போல வெளுக்கும். முதலில் லிஃப்ட் தாமதிக்கும், பிறகு கலப்பையைத் தூக்கிய உயரத்தில் நிறுத்தாமல் மெல்ல இறக்கும். அப்படியே ஓட்டினால் பம்பும் பேரிங்குகளும் போகும். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வண்டியை இரவு முழுக்க ஆடாமல் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிரெயின் பிளக்கை முழுதும் கழற்றாமல் தளர்த்துங்கள். எண்ணெய்க்கு முன் தண்ணீர் சொட்டினால் சீல் போயிருக்கிறது. எண்ணெயை மட்டும் மாற்றி அனுப்புவது வீண் செலவு. சீலை மாற்றி, சீல் உட்காரும் அச்சின் பகுதியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் புது சீலும் ஒரு போகம்கூட நிற்காது.

அடுத்தது முன்சக்கர ஹப். சேறு புகுந்த பேரிங் சத்தம் போடும்வரை காத்திருக்கக் கூடாது. சேற்றுழவு முடிந்ததும் ஹப்பைக் கழற்றி, டீசலில் கழுவி, புது கிரீஸ் அடைத்து, சீல் மாற்றுவது அரைநாள் வேலை. மூன்றாவது பிரேக். உலர் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் சேறு புகுந்து லைனிங் வழுக்கும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் வந்தபின் இந்த வேலை பட்டறையில் வெகுவாகக் குறைந்தது. கிளட்ச் பிளேட் எரிவதற்குப் பெரும்பாலும் டிரைவர் கிளட்ச் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுவதுதான் காரணம். புது பிளேட் போடும்போது டிரைவரையே நேரில் வரவழைத்துச் சொல்ல வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. புதைந்த வண்டியின் இரு பின்சக்கரத்திலும் கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கப் பார்ப்பார்கள். சக்கரம் சுழல முடியாதபோது எஞ்சின் முன்பக்கத்தைத் தூக்கும். வண்டி நொடியில் பின்பக்கமாகக் கவிழ்ந்து டிரைவர் மேல் விழும். பின்னோக்கி எடுக்க வேண்டும், இல்லையேல் வேறு வண்டி வைத்து இழுக்க வேண்டும். டெலிவரி நாளில் இதை ஒவ்வொருவரிடமும் சொல்வது டீலரின் கடமை.

ஒரு வருடத்தில் வியாபாரம் எப்போது ஏறும், எப்போது இறங்கும்?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ வைத்துத்தான் டெல்டாவில் கணக்கு. தண்ணீர் குறித்த நாளில் வந்தால் குறுவை, தள்ளிப்போனால் சம்பாவோடு சரி. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆயுத பூஜையிலும் தை பிறந்த பிறகும் ஒரே நாளில் பல டெலிவரி இருக்கும். அன்றைக்கு மாலையும் எலுமிச்சையும் தயாராக இருக்கிற அளவுக்கு டெலிவரிக்கு முந்தைய சோதனையும் முடிந்திருக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்து வருபவரை பேட்டரி இறங்கிய வண்டியின் முன் நிறுத்தினால் அந்தக் குடும்பம் மறக்காது.

ஸ்பேர்ஸ் கவுண்டரில் என்ன வைத்திருக்க வேண்டும்?

சேற்றுழவுக்கு முன், மே மாத முடிவுக்குள்: கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் அச்சு சீல், ஹப் சீல், பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) கத்தி. 36 கத்தி உள்ள ரோட்டவேட்டருக்கு இடது 18, வலது 18; கத்திக்கு இரண்டு போல்ட் என்றால் 72 போல்ட் நட்டு. கத்தி இருந்து போல்ட் இல்லாமல் விவசாயியைத் திருப்பி அனுப்பும் கடைகள் ஏராளம். சேற்றுக்கும் புன்செய்க்கும் கத்தி வளைவு வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

தலைமுறை மாறும்போது முதலில் வெளிப்படும் நோய் ஓடாத சரக்கு. தந்தைக்கு எந்த அலமாரியில் எது என்று மனப்பாடம், பதிவு இருக்காது. அவர் உட்கார்ந்துவிட்டால் லட்சக்கணக்கான பொருள் இருந்தும் இல்லாததற்குச் சமம். அவர் நடமாடும்போதே ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டை போட்டு, வந்தது, போனது, இருப்பு மூன்றையும் எழுதுங்கள். இரண்டு வருடமாக அசையாத சாமானைத் தனியே பிரித்து, முடிந்ததைக் கம்பெனிக்குத் திருப்பி, மற்றதை அந்த மாடல் இன்னும் ஓடும் ஊர்ப் பட்டறைகளுக்குக் குறைத்துக் கொடுங்கள்.

டீலர்ஷிப் அப்பாவிடமிருந்து மகனுக்குத் தானாக வருமா?

வராது. நிலம், கட்டடம், சரக்கு ஆகியவைதான் வாரிசுச் சொத்து. டீலர்ஷிப் என்பது கம்பெனி கொடுத்த நியமனம். ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்கு, சொன்ன பெயருக்கு மட்டும். பெயர் மாற்ற கம்பெனியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

தனிநபர் கடையாக இருந்து உரிமையாளர் இறந்தால், அவர் பான் எண்ணோடு கட்டிய எல்லாம் நின்றுபோகும். ஜி.எஸ்.டி. பதிவை வாரிசு பெயருக்கு மாற்ற முடியாது. வாரிசு புதுப் பதிவு எடுத்து, பழைய பதிவில் இருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டி, கழித்துக்கொள்ள மீதமிருக்கும் வரியை) ஐ.டி.சி.-02 படிவத்தின் மூலம் மாற்ற வேண்டும். பட்டயக் கணக்காளர் சான்றும் தேவை. பழைய பதிவை முதலில் ரத்து செய்துவிட்டால் அந்த வரவை மாற்றுவது பெரும்பாடு. ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் வணிகச் சான்றிதழும் புதிதாக எடுக்க வேண்டும். அது இல்லாமல் பதிவாகாத வண்டியைச் சாலையில் காட்டவே கூடாது. 2022 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதன் காலம் 5 வருடம்.

கூட்டு நிறுவனமாக இருந்தால் பாதை சுலபம். ஆனால் 1932 கூட்டாண்மைச் சட்டம் 42-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். "ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம்" என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அப்பா, மகன் இருவர் மட்டும் என்றால் அந்த வரியும் காப்பாற்றாது. ஒருவர் போனால் மிஞ்சுவது ஒருவர், தனியாளைக் கூட்டு நிறுவனம் என்று சொல்ல முடியாது. அம்மாவையோ மகளையோ மூன்றாவது பங்குதாரராகச் சேர்ப்பது இதற்காகத்தான். நிறுவனத்தைப் பதிவாளரிடம் பதிவு செய்யாவிட்டால் 69-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பாக்கிக்காரர் மேல் வழக்குப் போட முடியாது.

பங்காளிச் சண்டையில் டீலர்ஷிப் போவது எப்படி?

பெரும்பாலும் இடத்தால். ஷோரூம் மனை பெரியப்பா பெயரில், பட்டறை சித்தப்பா பெயரில், நியமனம் அப்பா பெயரில் இருக்கும். பாகப்பிரிவினையில் மனை ஒருவருக்குப் போனதும் டீலர் வாடகைக்காரர் ஆகிவிடுவார். தாத்தா இருக்கும்போதே நிறுவனத்துக்கும் மனை உரிமையாளருக்கும் இடையே நீண்ட காலக் குத்தகைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் சண்டை வந்தாலும் கடை நிற்கும்.

இன்னொரு காரணம் வங்கி உத்தரவாதம். கம்பெனியிலிருந்து வண்டி எடுக்க வங்கி கொடுக்கும் கடனுக்குக் குடும்பத்தில் பலர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பிரிந்துபோன தம்பியின் கையெழுத்து விடுவிக்கப்படாமல் இருக்கும். பத்து வருடம் கழித்து அண்ணன் கடன் தம்பி வீட்டுக் கதவைத் தட்டும். பிரியும்போதே வங்கியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள்.

மகள் நடத்தலாமா?

தாராளமாக. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டமானது; நாடு முழுக்க 2005-ல் வந்தது. கணக்கு, நிதி, ஸ்பேர்ஸ் ஆகியவற்றை ஏற்கெனவே மகளோ மருமகளோ கவனிக்கும் கடைகள் பல. நியமனக் கடிதத்திலும் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வற்புறுத்தல்.

வாரிசு முதலில் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும்?

நாற்காலியில் அல்ல, பட்டறையில். முதல் வருடம் ஜாப் கார்டு எழுதட்டும்: மணி மீட்டர் (எஞ்சின் ஓடிய நேரம் காட்டும் மீட்டர்) அளவு, புகார், கண்டது, மாற்றியது. வாரண்டி கோரிக்கைகள் தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்த எழுத்தில்தான். மணி மீட்டர் அளவு விடுபட்டிருக்கும், சர்வீஸ் தேதி பொருந்தாது, அல்லது கழற்றிய பாகத்தில் சீட்டுக் கட்டாமல் பழைய இரும்போடு போட்டிருப்பார்கள். கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை கழற்றிய பாகம் வண்டி எண்ணோடு தனி அறையில் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு வருடம் ஸ்பேர்ஸ், அதற்குப் பிறகு வசூல். விற்பனை கடைசியில். நேரே விற்பனையில் உட்கார்ந்தவர்கள் மாதக் கடைசியில் கம்பெனி இலக்குக்காக வண்டிகளை இறக்கிக்கொண்டு, மூன்று மாதம் வெயிலில் நிறுத்தி வட்டி கட்டுகிறார்கள். இதில் மூழ்கிய மூன்றாம் தலைமுறைக் கடைகள் நிறைய.

கைக்கடன் பாக்கியை எப்படிப் பார்ப்பது?

ஸ்பேர்ஸுக்கும் பட்டறைக் கூலிக்கும் அறுவடைவரை பொறுப்பது மரபு. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தந்தையின் சிறு நோட்டில் இருக்கும் பாக்கிக்கு, அவர் இருக்கும்போதே ஒவ்வொருவரிடமும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மூன்று வருடம் கடந்த, எழுத்தில்லாத பாக்கியைச் சட்டப்படி வசூலிப்பது கடினம்.

இப்போதைய தலைமுறைக்குப் புதிதாக வந்த மாற்றங்கள் எவை?

50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 புகை விதி. அந்த வண்டிகளில் மின்னணு டீசல் பம்ப் வந்ததால் ஸ்கேனர் இல்லாமல் கோளாறு பிடிபடாது. கலப்பட டீசல் ஒரு தடவை போட்டாலே இன்ஜெக்டர் செலவு தலைக்கு மேல் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மானியம் உழவன் செயலி வழியாகவும் வேளாண் பொறியியல் துறை வழியாகவும் போகிறது. ஒப்புதல் வருவதற்கு முன் பில் போட்டால் மானியம் கிடைக்காமல் போகலாம் என்பதை விவசாயியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

குடும்பத்தின் தொழில் வரலாற்றைத் தொகுக்க எங்கே தொடங்குவது?

நினைவிலிருந்து தொடங்காதீர்கள்; காகிதத்திலிருந்து தொடங்குங்கள். முதல் நியமனக் கடிதம், ஒவ்வொரு ஒப்பந்தப் புதுப்பிப்பு, கூட்டாண்மைப் பத்திரங்கள், விற்பனைப் பதிவேடு இவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். விற்பனைப் பதிவேட்டில் தேதி, பெயர், ஊர், எஞ்சின் எண், சேசிஸ் எண் இருக்கும். அதிலிருந்து ஊர்வாரியாக ஒரு பட்டியல் எடுத்தால், எந்த வாய்க்காலோரம் முதலில் டிராக்டர் இறங்கியது, எந்த ஊர் பத்து வருடம் கழித்து வந்தது என்று தெரியும். பெயர்ப் பட்டியலை வெளியிடும்போது வாங்கியவர்களின் அனுமதி வேண்டும். ஊர்ப் பெயரும் ஆண்டும் போட்டாலே போதுமானது.

செல்லரித்த பக்கங்களைப் பிரிக்க முயலாமல் முதலில் இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் பழைய மை கெடும், பிறகு திருத்தவே முடியாது. ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளிடம் பேசப் போகும்போது பழைய பாகம் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் நாலு வார்த்தையில் முடிப்பவர், ஒரு லிஃப்ட் பம்பை மடியில் வைத்தால் ஒரு மணி நேரம் பேசுவார்.

முதலில் விற்ற வண்டியைத் தேடி வாங்கி ஷோரூமில் நிறுத்த விரும்புகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

சேசிஸ் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். வண்ணத்துக்கு அடியில் மங்கியிருந்தால் சுத்தம் செய்து, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எஞ்சின் மாறியிருப்பது சகஜம், அதனால் சேசிஸ் எண்ணையே நம்புங்கள். ஆர்.சி.யில் பழைய வங்கிக் கடன் பதிவு நீங்காமல் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31, அதன்பிறகு உங்கள் பெயருக்கு 29-ம் 30-ம். சாலையில் ஓட்டுவதாக இருந்தால் 15 வருடம் கடந்த பதிவைப் படிவம் 25 மூலம் புதுப்பிக்க வேண்டும். ஷோரூமில் நிறுத்தும் முன் டீசலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் முழுக்க வடித்து, பேட்டரியைக் கழற்றி, டயரில் பாரம் இறங்காதபடி அச்சுக்கு அடியில் கட்டை கொடுங்கள்.